தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வருது... ஒரகடம் ரூட்டில் யாருக்கெல்லாம் பண்டிகை?

2026 காலண்டரில் தீபாவளி நவம்பர் 8-ம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. ஸ்கூல் பசங்களுக்கு 'அடச்சே, ஒரு லீவு போச்சே' என்று சின்ன வருத்தம் இருக்கும். வாலாஜாபாத்தில் ரூம் எடுத்துத் தங்கி, தினமும் ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களுக்கு அது வருத்தத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ஊருக்குப் போவதா, வேண்டாமா என்பதே அந்த ஒரு சதுரத்தில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை செகண்டு ஷிப்ட். முடிய ராத்திரி பதினொரு மணி ஆகும் (ஆலைக்கு ஆலை அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே இருக்கும்). செங்கல்பட்டு வந்து தெற்கே போகிற பஸ்ஸைப் பிடிக்க நள்ளிரவு தாண்டிவிடும். சுமார் 600 கிலோமீட்டர். பண்டிகை நெரிசலில் டோல்கேட், டிராஃபிக் எல்லாம் தாண்டி வீடு சேரும்போது தீபாவளி மத்தியானம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, அம்மா எடுத்துவைத்த பலகாரத்தைச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்தால் சாயந்தரம் ஆகிவிடும். திங்கட்கிழமை காலை ஷிப்ட் என்றால், ஆறு மணிக்குள் மறுபடியும் பஸ் ஏறியாக வேண்டும். போக வர ஒரு நாள், வீட்டில் ஐந்தாறு மணி நேரம். 'வரல மா, பொங்கலுக்கு வரேன்' என்று ஒரு போன் போட்டுவிட்டு ரூமிலேயே படுத்துக்கொள்பவரை யார் குறை சொல்ல முடியும்?

இதே வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 19, திங்கட்கிழமை. விஜயதசமி மறுநாள் செவ்வாய். சனி, ஞாயிறையும் சேர்த்தால் நாலு நாள். சனிக்கிழமை வேலை இருக்கிற ஆலை என்றாலும், செவ்வாயும் லீவு விட்டால் மூன்று நாள் சேரும். ஆக, ஊருக்குப் போய்வர வசதியான நீளமான லீவு இந்த முறை தீபாவளிக்கு இல்லை, ஆயுத பூஜைக்குத்தான் அமைந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆலைகள் மனசார கொண்டாடுகிற ஒரே பண்டிகை ஆயுத பூஜைதான். லைனை நிறுத்தி, தரையைக் கழுவி, வெல்டிங் ரோபோவின் கைக்கும் சந்தனப் பொட்டு வைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரி, கடலை, ஸ்வீட் பாக்ஸோடு அனுப்பிவைப்பார்கள். கொரியாவில் இருந்தோ ஜப்பானில் இருந்தோ வந்த மேனேஜர் நெற்றியிலும் அன்று குங்குமம் இருக்கும். ஏனென்றால், அது மெஷினுக்கான பண்டிகை. அதுக்கு லீவு கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை. தீபாவளியும் பொங்கலும் வீட்டுக்கான பண்டிகைகள். வீட்டுக்கான நாள்தான் எப்போதும் கேட்டு, கெஞ்சி, மாற்றி வாங்க வேண்டியதாக இருக்கிறது.

நாலும் அஞ்சும் ஒன்பது

'கவர்மென்ட் லீவு விட்டாச்சே, உனக்கு ஏன் இல்ல?' ஊரில் இருந்து அப்பா, அம்மா கேட்கிற கேள்வி இது. 2024-ல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. மறுநாள் நவம்பர் 1-ம் தேதியும் லீவு என்று தமிழக அரசு அறிவித்தது. 2023-ல் இப்போது மாதிரியே ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. அப்போதும் திங்கட்கிழமை லீவு விட்டார்கள். டி.வி-யில் பிளாஷ் நியூஸ் ஓடியதும் ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால், அந்த அறிவிப்பு அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும்தான். தனியார் ஆலையைக் கட்டுப்படுத்தாது.

ஆலைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1958-ல் வந்த தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு தேசிய விடுமுறைகள். கூடவே ஐந்து பண்டிகை நாள்கள். மொத்தம் ஒன்பது. அரசு ஊழியர்களின் பட்டியலில் இருபதுக்கும் மேல். சில ஆலைகளில் ஊதிய ஒப்பந்தத்தில் பேசி ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். அது பேசி வாங்கியது. சட்டம் தருவது ஒன்பதுதான்.

அந்த ஐந்து நாள் எவை? பலரும் நினைப்பதுபோல அதை மேனேஜ்மென்ட் தன்னிஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்து பேசி, இன்ஸ்பெக்டர் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். பண்டிகை நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு மாற்று நாள் லீவு. இந்த வரி பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் 'பேசி' என்ற இடத்தில் யார் போய்ப் பேசினார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

என் பார்வையில் பிரச்னையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1958-ல் இந்தச் சட்டம் வந்தபோது ஆலையும் வீடும் பெரும்பாலும் பக்கம் பக்கம். பெரம்பூரில் வேலை, அயனாவரத்தில் வீடு. ஒரு நாள் லீவு விட்டால் அது முழுசாக ஒரு நாள் பண்டிகை. இன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டியிருக்கும் ஒரே குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே தங்கும் பெண்களுக்கு வீடு வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில். அவர்களுக்கு ஒரு நாள் லீவு என்பது ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு வீடியோ காலில் பார்க்கிற தீபாவளிதான். சட்டம் பண்டிகையை நாளாக எண்ணுகிறது, வீட்டுக்கு இருக்கிற தூரத்தை எண்ணவில்லை.

அப்படியானால் சொந்த லீவை எடுக்கலாமே? எடுக்கலாம். 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், 20 நாளுக்கு ஒன்று என்று அடுத்த வருஷம் சம்பளத்தோடு லீவு. பதினைந்து நாள் முன்னாடி எழுதிக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்கக் கூடாது. பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, தங்கச்சி கல்யாணத்துக்கு ஒன்று. முடிந்தது. 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள், 180 ஆகக் குறைந்திருக்கிறது. தொகுப்பில் எதிர்க்க வேண்டியவை நிறைய உண்டு என்று சங்கங்கள் சொல்கின்றன. ஆனால், ஏழெட்டு மாசத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற காண்ட்ராக்ட் லைனில் இந்த ஒரு மாற்றம் கவனிக்க வேண்டியது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, ஆதரவாகப் பேசியவர்கள் சொன்னதும் இதே ஆசையைத் தொட்டுத்தான். 'நாலு நாள் வேலை பார், மூணு நாள் ஊருக்குப் போ' என்று. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே நிறுத்திவைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். வாபஸ் ஆனது நல்லதுதான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே ஸ்க்ரூ முடுக்குவது என்ன என்று நின்று பார்த்தால்தான் தெரியும். ஆனாலும், அந்த மூன்று நாள் ஆசை மட்டும் பொய்யில்லை.

அந்த ஆயுத பூஜை

பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் சங்கம் வேண்டும். இந்த வட்டாரத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்பதை 2024-ல் எல்லோரும் பார்த்தோம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் விநாயகர் சதுர்த்தி முடிந்த இரண்டாம் நாள், செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அக்டோபர் 15 வரை 37 நாள். நடுவில் அக்டோபர் 11-ல் ஆயுத பூஜை வந்து போனது. வருஷா வருஷம் தாங்கள் பொட்டு வைக்கிற மெஷின்கள் உள்ளே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் போராட்டப் பந்தலைப் பிரித்திருந்தார்கள். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது நிர்வாகத்தின் நிலை. வேலைக்குத் திரும்பிய இரண்டே வாரத்தில் தீபாவளி. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த பிறகு.

ஃபிரிட்ஜ், டி.வி, வாஷிங் மெஷின் செய்கிற ஆலை அது. பண்டிகை ஆஃபர் விளம்பரங்களில் அதிகம் வருகிற பொருள்கள் இவைதான். நாம் தீபாவளிக்குப் புது ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும் என்றால், அதற்கு முந்தின மாசங்களில் இந்த லைன்கள் முழுவேகத்தில் ஓட வேண்டும். ஊரெல்லாம் பண்டிகைக்குத் தயாராகும் நேரம்தான் இங்கே லீவு கேட்க முடியாத நேரம்.

போனஸும் தீபாவளியை ஒட்டித்தான் வருகிறது. அதற்குப் பின்னால் பாசம் எல்லாம் இல்லை, ஒரு சட்டக் கணக்கு இருக்கிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. முடிந்த எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் போனஸ் கொடுத்தாக வேண்டும். தீபாவளி அந்தக் கெடுவுக்குள் விழுகிறது. குறைந்தபட்சம் 8.33 சதவிகிதம், அதிகபட்சம் 20. வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி உண்டு. இந்த 30 நாள் விஷயத்தைக் காண்ட்ராக்டில் இருக்கிற தம்பி, தங்கச்சிகள் குறித்துவைத்துக்கொள்ளலாம். 'நீ பெர்மனென்ட் இல்ல' என்பது மட்டும் போனஸ் மறுக்கக் காரணம் ஆகாது.

பஸ் எங்கே கிளம்புது?

லீவு கிடைத்துவிட்டது என்றே வைப்போம். அடுத்தது பயணம். சிறப்புப் பேருந்து அறிவிப்பைக் கவனித்திருக்கிறீர்களா? தெற்கே போகிறவை கிளாம்பாக்கத்தில் இருந்து, காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரு பக்கம் போகிறவை கோயம்பேட்டில் இருந்து என்று அட்டவணை போடுவார்கள். எல்லாமே சென்னையில் இருந்து ஊருக்குப் போகிறவர்களை மனதில் வைத்துப் போட்டது. வாலாஜாபாத்தில் இருப்பவர் வண்டலூர் ரோட்டில் ஒரகடம் வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போய்க் கிளாம்பாக்கத்தில் ஏறி, திரும்ப ஜி.எஸ்.டி ரோட்டில் தெற்கே வர வேண்டும். இல்லையென்றால் செங்கல்பட்டில் நின்று, ஏற்கெனவே நிரம்பி வருகிற பஸ்ஸுக்குக் கை காட்ட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று இவ்வளவு ஆலைகளைக் கொண்டுவந்த பிறகும், பண்டிகைக் கூட்டம் என்றால் சென்னைக் கூட்டம் மட்டும்தான் என்று நினைப்பது ஏன் என்று புரியவில்லை. ஒரகடத்தில் இருந்தே நேராகக் கிளம்புகிற நாலு ஊர் பஸ்களைப் பெரிதாக அறிவித்து விட்டால், அந்த ராத்திரியின் இரண்டு, மூன்று மணி நேரம் மிச்சமாகும்.

ரயில் இன்னொரு கதை. முன்பு 120 நாளுக்கு முன்னால் ரிசர்வேஷன் திறக்கும். 2024 நவம்பர் 1-ல் இருந்து அது 60 நாள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன், நவம்பர் 6-ம் தேதி வெள்ளிக்கிழமை ரயிலுக்கு செப்டம்பர் 7-ல் டிக்கெட் போட வேண்டும். ஷிப்ட் அட்டவணை பெரும்பாலும் வாரக் கணக்கில், மிஞ்சிப் போனால் மாசக் கணக்கில்தான் போடப்படுகிறது. அன்று எந்த ஷிப்ட் என்று தெரியாமலேயே டிக்கெட் போட வேண்டும். தெரிந்த பிறகு போட்டால் வெயிட்டிங் லிஸ்ட். பண்டிகை வாரத்தின் ஷிப்ட் அட்டவணையை மட்டும் 60 நாள் முன்னதாக ஒட்டுவதற்கு எந்த ஆலைக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

பீகார், ஒடிசாவில் இருந்து வந்தவர்களுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. பாட்னா பக்கம் போக சுமார் இரண்டு நாள் ரயில். அவர்களின் வீட்டுப் பண்டிகையான சத் பூஜை தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வருகிறது. அந்த ஐந்து பண்டிகைப் பட்டியலில் அதற்கு இடம் இருப்பது அபூர்வம். அதனால், தீபாவளி ஷிப்டுக்கு 'நான் நிற்கிறேன்' என்று சொல்லி அந்த லீவைச் சத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு பல இடங்களில் சகஜம். தமிழ்ப் பையன் ஊருக்குப் போக முடிவதற்கு ஒரு பீகார் பையன் அன்று லைனில் நிற்பதும் ஒரு காரணம். இந்த மாற்றிக்கொள்ளலை வாய்ப்பேச்சாக விடாமல், மாற்று விடுமுறை என்று எழுத்தில் கொண்டுவந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்ட அம்மன்

வாலாஜாபாத்தையே சொந்த ஊராகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள்? பாலாற்றங்கரை ஊர். பெயர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவிடம் இருந்து வந்தது. காஞ்சிபுரம் - செங்கல்பட்டு ரோட்டில், அரக்கோணம் ரயில் பாதையில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு ஆலை ஐ.டி கார்டோடு இருக்கிறார். தூரம் இவர்களுக்குப் பிரச்னை இல்லை. நேரம்தான் பிரச்னை. தீபாவளி விடியற்காலை நாலு மணிக்கு கங்கா ஸ்நானம், அஞ்சு மணிக்கு கம்பெனி பஸ் என்றால் மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்க, மருமகள் யூனிஃபார்மோடு நிற்பார். ஷிப்டுக்குப் போகிற மருமகள் முந்தின ராத்திரியே முறுக்கு சுட்டு முடித்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் பல வீடுகளில் மாறவே இல்லை. பண்டிகையைச் சமைப்பது யார் என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் லீவைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆனால், குடும்பங்கள் சத்தமில்லாமல் ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஆடி மாசம் இந்தப் பக்கம் வந்து பாருங்கள். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். ஒவ்வொரு வாரமும் ஒரு தெரு, ஒரு ஊர் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண், வேலைக்குப் போன பிள்ளை, ரூம் மேட்டாக இருக்கும் வெளியூர்ப் பையன் என்று எல்லோரும் வந்துவிடுகிறார்கள். கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. குலதெய்வப் பொங்கல், காதுகுத்து எல்லாமே இப்படி ஞாயிறுக்கு நகர்ந்துவிட்டன. தேதியை நகர்த்த முடிகிற பண்டிகை ஆலைக் காலண்டருக்குள் பிழைத்துக்கொண்டது, இன்னும் பெரிதாகக்கூட ஆகியிருக்கிறது. திதியிலும் தை முதல் தேதியிலும் கட்டிப்போட்ட பண்டிகைகள்தான் இடிபடுகின்றன.

நகராத பண்டிகைக்கு வாலாஜாபாத் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. காஞ்சி வரதராஜப் பெருமாளின் பார்வேட்டை. ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் வரதர் வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் மலைக்கு வருகிறார். அங்கிருந்து லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போகிறார். வழியெல்லாம் மண்டகப்படி, வாசலெல்லாம் கோலம். இந்தச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு மாட்டுப் பொங்கல் என்றால் உறவுக்காரர்கள் வந்து கூடுகிற நாள். இதே திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி வைத்தியர் முதல் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் வரை யாருக்கு எவ்வளவு நெல் என்று எழுதிவைத்த கல்வெட்டு. வேலைக்குக் கூலியை எழுத்தில் போடுவது இந்த ஊருக்குப் புதிது இல்லை பாருங்கள்.

பொங்கலுக்கு ஆலை தருவது பல இடங்களில் தை முதல் நாள் ஒன்றுதான். மாட்டுப் பொங்கலுக்கு வரதர் வருகிற வேளையில், அதே ரோட்டில் கம்பெனி பஸ்களும் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லா ஆலையும் நாலு நாள் மூட முடியாது என்பதும் உண்மை. கண்ணாடி உருக்குகிற உலை வருஷக்கணக்கில் அணையாமல் எரிய வேண்டும். அங்கே யாராவது நின்றுதான் ஆக வேண்டும், ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி, பஸ் டிரைவர் மாதிரி. ஆனால், அசெம்பிளி லைன் உலை இல்லை. பராமரிப்புக்காக வருஷத்துக்கு ஒருமுறை எப்படியும் லைனை நிறுத்துகிற ஆலை, அதைப் பொங்கலோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். உலை எரிகிற இடத்தில், போன பொங்கலுக்கு நின்றவர் இந்தப் பொங்கலுக்குப் போகலாம் என்று முறை போடலாம். ஐந்து பண்டிகை நாள்களில் இரண்டைப் பொங்கலுக்கே ஒதுக்கச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. 'கலந்து பேசி' என்றுதான் எழுதியிருக்கிறது.

அடுத்த பொங்கல் 2027 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. மாட்டுப் பொங்கல் சனி, காணும் பொங்கல் ஞாயிறு. சனிக்கிழமை ஒரு நாளை மட்டும் பேசி வாங்கினால் மூன்று நாள் முழுசாகக் கிடைக்கும். அந்த வருஷத்துப் பட்டியல் நோட்டீஸ் போர்டுக்கு வரும் முன் பேச வேண்டும். ஜனவரி 14 ரயிலுக்கு டிக்கெட், நவம்பர் 15 காலை 8 மணிக்குத் திறக்கும். தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம்.